நான்காம் எண் நீர்வழி: பக்கிங்காம் கால்வாயும் நம் வகுப்பறையும்

(செங்கல்பட்டு மாவட்டம் திருவிடந்தையில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு எடுப்பவர்களிடம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். தேசிய நீர்வழிகளை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருகிறோம்? முதல் நீர்வழி ஹால்தியாவிலிருந்து அலகாபாத் வரை கங்கையில், 1620 கி.மீ. இரண்டாவது பிரம்மபுத்திராவில் சதியாவிலிருந்து துப்ரி வரை, 891 கி.மீ. மூன்றாவது கேரளத்தில் கொல்லம் முதல் கோட்டப்புரம் வரை, 205 கி.மீ. ஒரு மதிப்பெண் வினாவுக்காக மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். நாமும் அடுத்த பத்திக்குப் போய்விடுவோம்.

நான்காவது நீர்வழி எங்கே இருக்கிறது? இந்த ஊரின் மேற்கே, நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. திருப்போரூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நெம்மேலி சாலையில் அதைப் பாலத்தின்மேல் கடந்துதான் வந்திருக்கிறீர்கள். பக்கிங்காம் கால்வாய் 2008ஆம் ஆண்டிலேயே தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை செல்லும் கால்வாய்களும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளும் சேர்ந்து 1078 கி.மீ. இதில் சென்னையிலிருந்து மரக்காணம் வரையுள்ள தென் பக்கிங்காம் கால்வாய் 110 கி.மீ. நம் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த 110 கி.மீட்டருக்குள்தான் இருக்கின்றன. கங்கையில் போகும் கப்பலைப் படத்தில் காட்டிப் பாடம் நடத்துகிறோம். கண்ணெதிரே கிடக்கும் நீர்வழியைப் பற்றிக் கேட்டால், "அது சாக்கடைதானே சார்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

அதை மாணவர்களுக்கு வேறு விதமாகக் காட்ட முடியுமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசலாம் என்று வந்தேன்.

முதலில், இங்கே ஏன் கால்வாய் தேவைப்பட்டது என்று பார்ப்போம். கங்கை போலவோ, ஐரோப்பாவின் ரைன் போலவோ ஆண்டு முழுவதும் கப்பல் ஓட்டக்கூடிய ஆறு நம் வடதமிழகத்தில் இல்லை. பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம், மற்ற நாளில் மணல். கூவமும் அடையாறும் சிறியவை. கடலில் போகலாம் என்றால், நம் கரை அலையடிக்கும் திறந்த கரை. கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையோரச் சாலையோ அன்றைக்கு மணலில் வண்டிச் சக்கரம் புதையும் பாதை.

ஆனால் இந்தக் கரைக்கு இன்னொரு இயல்பு உண்டு. கடலுக்கும் உள்நிலத்துக்கும் நடுவே நீளவாக்கில் உப்பங்கழிகள் கிடக்கின்றன. பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு, எடையூர், மரக்காணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடல் ஏறும்போது அவற்றில் தண்ணீர் ஏறும், வற்றும்போது வற்றும். அலை கிடையாது. இந்தக் கழிகளை வெட்டி இணைத்துவிட்டால், கடலை ஒட்டியே அலையில்லாத ஒரு நீர்ப்பாதை கிடைத்துவிடும். பக்கிங்காம் கால்வாயின் உத்தி முழுவதும் இவ்வளவுதான். வரைபடத்தில் அந்தக் கழிகளைப் புள்ளிகளாக வைத்து மாணவர்களைக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். கால்வாய் தானாக வந்துவிடும்.

வேலை தொடங்கியது வடக்கே. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் தனியுரிமை ஆனது. அதற்கு அடுத்த ஆண்டு, 1806இல், சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் உருவானது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் பணம் போட்டார். அதனால் அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பின்னர் அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதன்பின் வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போனார்கள். வடக்கே கிருஷ்ணா, கோதாவரிப் பாசனக் கால்வாய்களோடு தொடுப்பு ஏற்பட்டதும், டெல்டா நெல் சென்னைக்குப் படகிலேயே வர வழி பிறந்தது. இருந்தாலும் ஒரு குறை. வடக்குப் பகுதியும் தெற்குப் பகுதியும் சென்னை நகருக்குள் ஒன்றையொன்று தொடவில்லை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கி.மீ. இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளியை வெட்டிய காலம்தான் வகுப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டிய பகுதி. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பஞ்ச நிவாரண வேலையாக 1877–78இல் அந்த 8 கி.மீட்டரை வெட்டினார்கள். அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அவர் பெயர் கால்வாய்க்கு வந்தது.

நிவாரண வேலை என்றால் சோறு போட்டுப் பிழைக்க வைக்கும் வேலை என்று மாணவர்கள் நினைப்பார்கள். கூலி எவ்வளவு என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரணக் கூலியை ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். நாள் முழுவதும் மண் வெட்டிக் கூடை சுமக்கும் ஆளுக்கு அது போதுமா? ஏழாம் வகுப்பு மாணவனால்கூடக் கலோரி அட்டவணையை வைத்துக் கணக்குப் போட முடியும். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. அப்படியானால் 450 கிராமுக்கு 1600க்குக் கொஞ்சம் குறைவு. கடின உழைப்பாளிக்கு வேண்டியதில் இது ஏறக்குறைய பாதி. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவரே இந்தக் கூலியைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் அதைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அறிவியல், கணக்கு, வரலாறு மூன்றும் ஒரே வினாவில் வரும் இடம் இது. மண் வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் கால்வாயில் இல்லை, கோமகன் பெயர்தான் இருக்கிறது என்பதை நான் சொல்வதில்லை. கணக்கைப் போட்டு முடித்ததும் பெரும்பாலும் பிள்ளைகளே அதைச் சொல்லிவிடுவார்கள்.

இனி வணிகத்துக்கு வருவோம். இந்த வழியில் என்ன போனது? உப்பு, நெல், விறகு, காய்கறி, மீன், கிளிஞ்சல். நம் கடற்கரையின் சவுக்குத் தோப்புகள் பார்ப்பதற்கு ஆதிகாலத்திலிருந்து இருப்பவை போலத் தெரியும். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக வளர்த்தவற்றின் வழியில் வந்தவை. மணல் நிலத்தில் வளரும், சில ஆண்டுகளில் வெட்டலாம், வெட்டியதைத் தோணியில் ஏற்றினால் சென்னை அடுப்புக்குப் போய்ச் சேரும். கழிகளில் எடுத்த கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு. சென்னையின் பழைய கட்டடங்களின் சுவர்ப் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்கிறது. ஊரின் அடுப்பும் சுவரும் சோற்று உப்பும் இந்தத் தண்ணீர் வழியாக வந்தன என்று சொன்னால் மிகையாகாது.

தண்ணீரில் சரக்கு ஏன் மலிவு? இதைச் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. 16 சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள தட்டையான தோணி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சரக்கு ஏற்றியபின் 10 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தால், விலக்கிய தண்ணீர் 1.6 கன மீட்டர். ஏறிய சரக்கு 1.6 டன். உப்புத் தண்ணீரானால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு சாண் அளவு அமிழ்ந்தாலே மாட்டு வண்டி பல தேவைப்படும் சுமை. ஆர்க்கிமிடீசைத் தேடிக் கிரேக்கம் வரை போக வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர்த் தொட்டி, ஒரு அளவுகோல், சில எடைக்கற்கள் இருந்தால் போதும்.

நீர்வழிகளைப் பற்றிய நம் அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு குதிரைத்திறன் சாலையில் 150 கிலோவையும், ரயிலில் 500 கிலோவையும், நீரில் 4000 கிலோவையும் நகர்த்தும். ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு டன் சரக்கைச் சாலையில் 24 கி.மீ., ரயிலில் 85 கி.மீ., நீரில் 105 கி.மீ. கொண்டுபோகலாம். புகை குறையும், சாலை நெரிசல் குறையும் என்று சொல்பவர்கள் இந்த எண்களிலிருந்துதான் பேசுகிறார்கள். எண்கள் சரியானவையே. ஆனால் அவை பெரிய கலத்துக்கும் ஆழமான நீருக்கும் உரியவை. ஆழம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை 2018இலும் 2022இலும் ஜெர்மனி கண்டது. கோடை வறட்சியில் ரைன் ஆற்றின் நீர்மட்டம் இறங்க, சரக்குக் கலங்கள் பாதிக்கும் குறைவாக ஏற்றிச் செல்ல நேர்ந்தது. நிலக்கரியும் வேதிப்பொருளும் போய்ச் சேராமல் ஆற்றங்கரைத் தொழிற்சாலைகள் தவித்தன.

நம் கால்வாயில் எரிபொருள் செலவே கிடையாது. காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். பாரதிதாசன் 1934இல் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாய்த் தோணியில் போனார். அந்தப் பயணத்தைப் பாடியதுதான் 'மாவலிபுரச் செலவு'. தமிழாசிரியர்கள் அதை முழுவதும் எடுத்து வாசிக்க வேண்டும். கால்வாயை அழகு பார்க்கும் கண்ணோடு, தோணியைச் செலுத்தும் மனிதர்களின் பாட்டைப் பார்க்கும் கண்ணும் கவிஞருக்கு இருந்தது.

என் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்னேன். அவளுடைய பாட்டியின் அப்பா கயிறு இழுத்தவராம். அவருடைய ஒரு தோளில் மட்டும் காய்ப்பு இருந்தது, குழந்தையாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்த்து விளையாடுவோம் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். "எந்தத் தோள் என்று கேட்டாயா?" என்றேன். மறுநாள் கேட்டு வந்தாள். வலது தோள். போகும்போது ஒரு கரை, வரும்போது மறு கரையில் நடந்திருந்தால் இரண்டு தோளும் தேய்ந்திருக்கும் அல்லவா, அப்படியானால் அவர் நடந்த பக்கம் எது என்று வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது. விடை கிடைக்கவில்லை. ஆனால் மலிவான போக்குவரத்தின் மலிவு யார் தோளிலிருந்து வந்தது என்பதைப் பாடநூல் சொல்லும் எந்த வரியைவிடவும் அந்தக் காய்ப்பு நன்றாகச் சொல்லிவிட்டது. ஆகவே தோணிக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பாடம் நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேலைப்பாடு லாக்கு எனப்படும் இரட்டைக் கதவு அடைப்பு. கால்வாய் ஆறுகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில் ஒரு சிக்கல். கடல் வற்றும்போது கால்வாய்த் தண்ணீர் ஆற்று வழியாகக் கடலுக்கு ஓடிவிடும், தோணி தரைதட்டும். வெள்ளக் காலத்தில் ஆற்று வண்டல் கால்வாய்க்குள் நுழைந்துவிடும். அதனால் ஆற்றின் இரு புறமும் கதவு வைத்தார்கள். தோணி உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவது, முன்பக்க நீர்மட்டத்துக்கு ஏற்ப நீரை ஏற்றவோ இறக்கவோ செய்வது, சமமானதும் முன்கதவைத் திறப்பது. பனாமா கால்வாயில் கப்பலை மலைமேல் ஏற்றி இறக்குவதும் இதே முறைதான், அளவுதான் வேறு. இரண்டு அட்டைத் தடுப்பும் ஒரு நீளமான தொட்டியும் வைத்து ஆறாம் வகுப்பு மாணவர்கள் இதைச் செய்துவிடுகிறார்கள். தண்ணீர் கொஞ்சம் சிந்தும், தலைமையாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோணி ஏன் நின்றது? வடக்கே 1899இல் சென்னை–விஜயவாடா ரயில் பாதை வந்தது. தெற்கே நம் கரையில் இன்றுவரை ரயில் கிடையாது, ஆகவே இங்கே தோணி இன்னும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. லாரியும் சாலையும் வந்தபின் அதுவும் நின்றது. தோணியில் ஓரிரு நாள் ஆகும் தூரம் லாரியில் சில மணி நேரம். 1960களின் புயல்களில் கால்வாய் சேதமடைந்தபோது, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வணிகத் தேவை பெரிதாக இல்லை. நகருக்குள் கழிவுநீர் சேர்ந்தது, கரைகளில் குடியிருப்புகள் வந்தன. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களும் சில நிலையங்களும் கால்வாய்க்குள்ளேயே எழுந்தன. 1995இல் முதல் பகுதி ஓடத் தொடங்கியது. சரக்கு சுமந்த வழியின்மேல் பயணிகள் போகிறார்கள், கீழே தண்ணீர் நெரிகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. தோணி ஓடிய காலத்தில் கால்வாயின் ஆழம் தினமும் அளக்கப்பட்டது. அதற்கென்று ஆள் வைத்து அல்ல. கழி ஊன்றிய ஒவ்வொரு தோணிக்காரரும் அளந்தார். எங்கே மண் மேடிட்டது, எங்கே கரை சரிந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தோணி நின்றால் சுங்கம் நிற்கும், அதனால் தூர் வாரினார்கள். அந்த வணிகத்தின் நிழலிலேயே இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது: மழைநீர் வடிந்தது, கழிகளுக்குக் கடல்நீர் போய் வந்தது. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் அது ஏறவும் இல்லை. வணிகம் போனதும் காவலும் போய்விட்டது. காசில்லாத வேலை மட்டும் காவலின்றி மிஞ்சியது.

அந்தக் காசில்லாத வேலை என்ன என்பதை 2015 டிசம்பரில் பார்த்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் தென்சென்னை ஏரிகளின் உபரிநீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. பின்னர் தெற்கே ஓடி முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் இந்த ஒரே வடிகாலை நம்பித்தான் நிற்கின்றன. கால்வாய் மேடிட்டிருந்தால், முகத்துவாரம் மணல் மூடியிருந்தால், தண்ணீர் வந்த வழியே திரும்பித் தெருவில் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணையைச் சுற்றி அதைத்தான் கண்டோம். நம் பிள்ளைகளில் பலருடைய வீடுகளில் புத்தகப் பை நனைந்தது. இது அவர்களுக்குத் தெரிந்த புவியியல்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கால்வாய் ஏறிவந்த கடல்நீரைத் தாங்கி, நீளவாக்கில் பரப்பி, மீண்டும் கடலுக்கு விட்டது என்று சென்னைக்கு வடக்கே ஆந்திரக் கரை வரை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது கவனம் தேவை. கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே இருந்த குப்பங்களைக் கால்வாய் காப்பாற்றியிருக்க முடியாது. அலை முதலில் அடித்தது அவர்களைத்தான். வகுப்பில் அந்தக் குப்பங்களின் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

சுற்றுச்சூழல் கணக்கில் கால்வாய்க்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அது மனிதன் வெட்டியது, இயற்கையின் வரம் இல்லை. உப்புத் தண்ணீரை நிலத்தின் உள்ளே நீளவாக்கில் கொண்டுவந்தது அதுதான். மேற்கிலிருந்து கடலுக்குப் போகும் மழைநீரைக் குறுக்கே மறித்து நிற்பதும் அதன் கரைதான். கரையை உயர்த்தினால் ஒரு பக்கம் காப்பாற்றலாம், மறுபக்கம் நீர் தேங்கும். அதே சமயம், இத்தனை ஆண்டில் அதன் உப்புநீரைச் சார்ந்து இறாலும் நண்டும் கொடுவாயும் வளர்கின்றன, கேளம்பாக்கம் கழியில் பறவைகள் இரை தேடுகின்றன. தெற்கு முனையில் மரக்காணம் உப்பளங்கள் இன்றும் வேலை செய்கின்றன. அதற்கு அப்பால் உள்ள கழுவெளி ஏரி 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்கரணை 2022இலேயே சேர்ந்துவிட்டது. உலக மதிப்புப் பெற்ற இரண்டு ஈரநிலங்களின் இடையே நம் கால்வாய் ஓடுகிறது.

அப்படியானால் சரக்குக் கலங்கள் திரும்பி வர வேண்டுமா? 2016ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டில் 111 தேசிய நீர்வழிகளை அறிவித்தது. நான்காம் நீர்வழியும் அதில் இன்னும் நீட்டப்பட்டது. கங்கையில் 2018 நவம்பரில் வாரணாசி முனையம் திறந்து கொள்கலன் சரக்கு வந்து சேர்ந்தது. ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றுப் பகுதியில் முதலில் வேலை தொடங்கினார்கள். நம் பக்கத்தில் பாலங்கள் தாழ்வாக இருக்கின்றன, நகருக்குள் ரயில் தூண்கள் நிற்கின்றன, வழி குறுகிவிட்டது.

இதில் என் கருத்தைக் கேட்டால், தென் கால்வாயில் பெரிய சரக்குக் கப்பல் வேண்டாம் என்பேன். மேலே சொன்ன 105 கி.மீ. கணக்கு இங்கே பலிக்காது. இங்கே ஓடக்கூடிய கலம் சிறியது, ஏற்றி இறக்கும் செலவு அதிகம். அகலமாகவும் ஆழமாகவும் தோண்டினால் அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது? பெரும்பாலும் பக்கத்துச் சதுப்பில்தான் கொட்டுவார்கள். உப்பும் இன்னும் உள்ளே ஏறும். ஆனால் தூர் வாருவதே வேண்டாம் என்பதும் தவறு. வெள்ளம் வடிய எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு வேண்டும். சிறு படகுகள் ஓடலாம். படகு ஓடும் தண்ணீரில் குப்பை கொட்டக் கொஞ்சமாவது தயங்குவார்கள். நீங்கள் இதை ஏற்க வேண்டியதில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்பில் இதையே விவாதத் தலைப்பாகக் கொடுங்கள். மீனவர், உப்பளத் தொழிலாளி, லாரி உரிமையாளர், பெரும்பாக்கம் குடியிருப்புவாசி, நீர்வழி ஆணைய அதிகாரி என்று ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொருவர் வாயிலாகவும் பேச வையுங்கள். லாரி உரிமையாளராகப் பேசிய மாணவன் ஒருவன் என் வகுப்பில் எல்லோரையும் மடக்கிவிட்டான். அவன் அப்பா லாரி ஓட்டுநர்.

தொடக்க வகுப்புகளுக்கு என்ன செய்யலாம் என்று இடைவேளையில் ஒரு சகோதரி கேட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய நீர்வழி தேவையில்லை. மிதப்பது எது, மூழ்குவது எது, உப்பு எங்கிருந்து வீட்டுக்கு வருகிறது, தாத்தா காலத்தில் விறகு எப்படி வந்தது, இவை போதும். கிளிஞ்சல் பொறுக்கி வரச் சொன்னால் எண்ணுவதற்கும் வகைப்படுத்துவதற்கும் ஒரு வாரத்துக்குப் பொருள் கிடைத்துவிடும்.

உயர் வகுப்புகளுக்கு நான் செய்து பார்த்த வேலை ஓதம் அளப்பது. நம் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்கூடக் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். கால்வாய்க்குள் இன்னும் குறையும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும். பாலத் தூணில் நீர்மட்டம் தொட்ட இடத்தைப் பாலத்தின் மேலிருந்தே பார்த்து, நேரத்தோடு குறித்துவர வேண்டும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிட அளவு இடைவெளி. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நிலவு உதிக்கும் நேரமும் அதே அளவு தள்ளிப்போவதை யாராவது ஒருவர் கவனித்துவிட்டால், அதன்பின் நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. முட்டுக்காட்டு முகத்துவாரம் மணல் மூடிய மாதங்களில் ஏற்ற இறக்கம் மங்கிவிடும். அதையும் குறிக்கச் சொல்லுங்கள். வடிகால் அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய அடையாளம் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. கரையில் இறங்கவே கூடாது. சேறு ஆளை உள்ளிழுக்கும், கழிவுநீரில் கண்ணாடித் துண்டும் இருக்கும். பாலத்தின் நடைபாதையிலிருந்து மட்டும் பார்க்க வேண்டும். பெற்றோர் ஒப்புதலும் தலைமையாசிரியர் அனுமதியும் எழுத்தில் இருக்க வேண்டும். பத்து பேருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களில் போகவே வேண்டாம். அந்த மாதங்களுக்கு, பாலத்துக்குப் பக்கத்தில் கடையோ வீடோ உள்ள பெரியவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, நீர்மட்டத்தைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்வது நாங்கள் செய்யும் வழி. எங்களுக்குக் கிடைத்தவர் தேநீர்க் கடைக்காரர். எங்களைவிட ஒழுங்காகச் சொல்கிறார்.

குறிப்பேடு ஒன்று போடுங்கள். தேதி, நேரம், நீர்மட்டம், நிறம், நாற்றம், பார்த்த பறவை, பார்த்த படகு என்று ஏழு கட்டம் போதும். மாணவர் பெயரில் வேண்டாம், பள்ளிப் பெயரில் இருக்கட்டும். நமக்கு மாறுதல் வரும்போது இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து, கையொப்பம் வாங்கி, அடுத்து வருபவரிடம் அதையும் ஒப்படைத்துவிடுங்கள். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை பத்துப் பள்ளிகள் ஒரே நாளில் குறித்தால் நீரோட்டம் எங்கே நிற்கிறது என்று வரைபடத்திலேயே காட்டிவிடலாம். வரும் பௌர்ணமியிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சேர விரும்பும் பள்ளிகள் வெளியே மேசையில் உள்ள தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.